வறண்ட சருமத்துக்கு கொரியன் சன்ஸ்கிரீன் எது வாங்கலாம், எப்படிப் போடணும்?

நீங்க கேட்டது, மதுரைல இருக்கேன், வண்டில வேலைக்குப் போறேன், முகம் ரொம்ப ட்ரை, கொரியன் சன்ஸ்கிரீன் நல்லாருக்கும்னு எல்லாரும் சொல்றாங்க, எத வாங்க, எப்படிப் போடன்னு. எனக்கும் ட்ரை ஸ்கின்தான், திருநகர்லருந்து சிம்மக்கல்லுக்கு ஸ்கூட்டில போய் வர்றவ, அதனால எனக்குப் பட்டத சொல்றேன். தாராளமா வாங்கலாங்க. ஆனா எந்த பிராண்டுங்கிறத விட எவ்ளோ போடுறீங்கங்கிறதுதான் பெரிய விஷயம், அத கடைசி வரைக்கும் படிங்க.

முதல்ல நம்ம ஊரு வெயில். சித்திரை பிறக்கிற சமயத்துல மத்தியானம் சூரியன் கிட்டத்தட்ட நேரா நம்ம தலைக்கு மேல நிக்கும், ஆவணில மறுபடி ஒரு தடவ அப்படி வரும். யூவி (வெயில்ல வர்ற புற ஊதாக் கதிர்) அடிக்கிறது அப்ப உச்சத்துல இருக்கும். அதோட போர்த் தண்ணி உப்பு வேற, மூஞ்சி கழுவிட்டு வந்த உடனே கன்னம் இழுத்துப் பிடிக்குதுல்ல, அதுமேல மேட் ஃபினிஷ் (பளபளப்பே இல்லாம காய்ஞ்சு நிக்கிற) சன்ஸ்கிரீன் போட்டா மூக்கோரம், வாயோரம் உரிஞ்சு நிக்கிற தோல்ல எல்லாம் வெள்ளையா ஒட்டிக்கிட்டு பத்து மணிக்கெல்லாம் திட்டுத் திட்டா சாம்பல் பூத்துத் தெரியும். ஆயில் ஸ்கின்காரங்களுக்கு செஞ்சத நம்ம போட்டா அப்படித்தான்.

கொரியன்ல நிறைய சன்ஸ்கிரீன் மாய்ஸ்சரைசர் மாதிரியே கிரீமா இருக்கும், கிளிசரின், ஹைலூரானிக் ஆசிட்னு ஈரம் பிடிக்கிற சரக்கு கூடவே வரும். ஃபில்டரும், அதாவது யூவிய தடுக்கிற சரக்கும், யூவினல் ஏ ப்ளஸ், டினோசார்ப் மாதிரி புது வகை, அதனால மாநிறம், கருப்பு ஸ்கின்ல வெள்ளை அடிக்கிறது கம்மி. பியூட்டி ஆஃப் ஜோசன் ரிலீஃப் சன் (அரிசிச் சாறு போட்டது), ரவுண்ட் லேப் பிர்ச் ஜூஸ் மாய்ஸ்சரைசிங், இது ரெண்டும் ட்ரை ஸ்கின்னுக்கு நான் முதல்ல சொல்றது. இதுலயும் வாட்டரி ஜெல், சன் சீரம்னு வர்றது லேசா சுகமா இருக்கும், ஆனா ரொம்ப வறண்ட முகத்துக்கு அது மட்டும் பத்தாது, அடில நல்ல மாய்ஸ்சரைசர் வேணும். டோன் அப்னு போட்டிருந்தா வாங்காதீங்க, அது முகத்த வெளுப்பா காட்டுறதுக்குன்னே செய்றது, நம்ம நிறத்துக்கு சாம்பல் பூசுனாப்ல நிக்கும். ட்யூப் பின்னாடி என்னென்ன சேர்த்திருக்குன்னு போட்டிருக்க லிஸ்ட்ல முதல் நாலஞ்சு பேருக்குள்ள ஆல்கஹால் இருந்தாலும் எனக்கு யோசனைதான், ட்ரை ஸ்கின்னுக்கு அது இன்னும் இழுக்கும்.

எஸ்பிஎஃப் 50+, பிஏ++++ பார்த்து வாங்குங்க. எஸ்பிஎஃப் சொல்றது முக்கியமா தோல எரிக்கிற யூவிபிக்கு, பிஏ சொல்றது கருக்க வைக்கிற, சுருக்கம் கொண்டு வர்ற யூவிஏவுக்கு. இந்த யூவிஏ கண்ணாடி வழியாவும் வரும், அதனால பஸ்ல ஜன்னல் சீட்ல உக்காந்து திருமங்கலம், மேலூர்னு டெய்லி போறவங்களும் போடணும். மங்கு (முகத்துல கருந்திட்டு) இருக்கவங்க கண்டிப்பா போடணும்.

வாங்கும்போது இறக்குமதி பண்ணவங்க பேரு, அட்ரஸ், எம்ஆர்பி உள்ள ஸ்டிக்கர் இருக்கான்னு பாருங்க, பாதி விலைக்கு யாராச்சும் ஆன்லைன்ல குடுத்தா வேணாம். தேதி கொரியால வருஷம் முதல்ல, மாசம், நாள்னு போடுவாங்க, குழம்பிராதீங்க. அமெரிக்கால இருக்க சொந்தக்காரங்க வாங்கிட்டு வர்றாங்கன்னா ஒரு விஷயம், அங்க சன்ஸ்கிரீன் மருந்து கணக்குல வரும், இந்த புது ஃபில்டர் நிறைய அங்க அனுமதி இல்ல, அதனால அந்த ஊருக்குன்னு செஞ்சதுல அதே பிராண்டா இருந்தாலும் உள்ள சரக்கு வேறயா இருக்கலாம்.

இப்ப போடுற விதம். காலைல மூஞ்சிய நுரை அள்ளுற சோப்பு போட்டு கழுவாதீங்க, வெறும் தண்ணியோ மைல்டான க்ளென்சரோ போதும். முகம் லேசா ஈரமா இருக்கப்பவே மாய்ஸ்சரைசர் போட்டு, அது இறங்குறதுக்கு ஒரு அஞ்சு பத்து நிமிஷம் விடுங்க, அதுக்குள்ள டிபன் பாக்ஸ் கட்டிரலாம். அப்புறம் ஆள்காட்டி விரல், நடுவிரல் ரெண்டுலயும் நுனிலருந்து அடி வரைக்கும் கோடு மாதிரி பிதுக்குங்க, முகத்துக்கும் கழுத்துக்கும் அம்புட்டும் வேணும். டெஸ்ட் பண்றப்ப ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 2 மில்லிகிராம் போட்டுத்தான் அந்த 50 வருது, பட்டாணி சைஸ் எடுத்து தேச்சா அதுல பாதி கூட கிடைக்காது. மொத்தமா ஒரே தடவ போட்டா வழுக்கும், அதனால ஒரு விரல் முதல்ல, அது அடங்குனதும் இன்னொரு விரல். பரபரன்னு தேய்க்காம அமுக்கி அமுக்கி விடுங்க, தேச்சா திரிதிரியா உருண்டு வரும். காது, புருவத்துக்கு மேல, கழுத்துப் பின்பக்கம் விட்ராதீங்க. அடில தேங்காண்ணெய் போடாதீங்க, சன்ஸ்கிரீன் ஒழுங்கா ஒட்டாம நகந்துரும்.

கணக்கு பார்த்தா ஒரு தடவைக்கு சுமாரா ஒரு கிராம் போகும், 50 எம்எல் ட்யூப் காலைல மட்டும் போட்டாலே ஒன்றரை மாசந்தான். ஒரே ட்யூப் ஆறு மாசம் வருதுன்னா பத்தாம போடுறீங்கன்னு அர்த்தம். விலை கட்டுபடியாகலன்னா முகத்துக்கு மட்டும் கொரியன், கழுத்துக்கும் ஹேண்டில் பிடிக்கிற கை ரெண்டுக்கும் நம்மூர் சன்ஸ்கிரீன் லோஷன் பெரிய பாட்டிலா வாங்கிக்கங்க, நான் அப்படித்தான் செய்றேன். காசு இல்லாம கொரியன கொஞ்சூண்டு போடுறதுக்கு விலை கம்மியானத நிறைய போடுறது எவ்வளவோ மேல்.

வெளிய இருந்தா ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவ திரும்பப் போடணும். ஆபீஸ்குள்ளயே இருக்கவங்க சாயங்காலம் வெயில்ல கிளம்புறதுக்கு முன்னாடி வேர்வைய கர்ச்சீப்பால ஒத்தி எடுத்துட்டு மறுபடி போட்டா போதும். டெய்லி போடுற கொரியன் வகைல நிறைய வேர்வை தாங்காது, அழகர் ஆத்துல இறங்குறத பார்க்கப் போறது, காட்டு வேலைன்னா தண்ணி தாங்கும்னு போட்டிருக்கத வாங்கி, துப்பட்டா, தொப்பி, குடைன்னு எதையாச்சும் சேர்த்துக்கங்க. ட்யூப வண்டி டிக்கில போட்டு வைக்காதீங்க, அந்த சூட்டுல கெட்டுப் போயிரும், கைப்பைலயே இருக்கட்டும்.

வறட்சியோட அரிப்பு, சிவப்பு, செதில் செதிலா உரியுறதுன்னு இருந்தா புது ட்யூப் எதுவும் வாங்காம முதல்ல ஸ்கின் டாக்டர பாருங்க. பெரியாஸ்பத்திரிலயே தோல் பிரிவு இருக்கு, காலைல போய் ஓபி சீட்டு போட்டுட்டு காட்டலாம்.