திசு வாழைக்கு வேம்: கேட்டதும் சொன்னதும்

திசு வாழைக் கன்றுகளை, அதாவது ஆய்வகக் குப்பியில் திசுவிலிருந்து உருவாக்கிய கன்றுகளை, நிழல்வலைக்குள் வளர்த்துக் கொடுப்பது என் தொழில். வேருக்குள் வாழ்ந்து பயிருக்குச் சத்து எடுத்துக் கொடுக்கும் வேர் உட்பூசணம், அதாவது நாம் வேம் (VAM) என்று சொல்வது பற்றி மட்டும் கேளுங்கள் என்றிருந்தேன்.

ஆய்வகக் கன்று சுத்தமாகத்தானே வருகிறது? அதற்கு எதற்கு அண்ணா வேம்? (சின்னமனூர்)

அந்தச் சுத்தம்தான் காரணம் தம்பி. பக்கக் கன்றைத் தோண்டி நட்டால் கிழங்கோடு பழைய வேரும் மண்ணும் வரும். நூற்புழு வருகிற அதே வழியில் இந்தப் பூசணமும் வந்துவிடும். குப்பியில் வளர்ந்த கன்றுக்கு இந்தப் பூசணத் துணை கிடையாது. அடுத்து குழித்தட்டில் தென்னை நார்க்கழிவு, அங்கேயும் இல்லை.

மணிச்சத்து (பாஸ்பரஸ்) மண்ணில் அவ்வளவாக நகர்ந்து வராது. வேரை ஒட்டி இருப்பதை உறிஞ்சியதும் அந்த இடம் வெறுமையாகிவிடும். வேர்த்தூவியைவிட மெல்லிய பூசண இழை அந்த வெற்றிடத்தைத் தாண்டிச் சில சென்டிமீட்டர் போய் மணிச்சத்தையும் துத்தநாகத்தையும் இழுத்து வரும். பதிலுக்குக் கன்று சர்க்கரையும் கொழுப்பும் கொடுக்கும். வேரைச் சாயமேற்றி நுண்ணோக்கியில் பார்த்திருக்கிறேன்: பூசணம் ஏறிய செல்களுக்குள் குட்டி மரம் கிளை விட்டதுபோல் நீலமாக நிற்கும். கொடுக்கல் வாங்கல் நடப்பது அங்கேதான்.

எப்போது, எவ்வளவு போடுவது? (லால்குடி)

குழித்தட்டிலிருந்து பைக்கு மாற்றும்போது, பைக்கு 5 முதல் 10 கிராம். பாதிப் பை மண் நிரப்பி, நடுவில் விரலால் குழித்து, அதில் வேமைப் போட்டு, வேர் அதன்மேல் உட்காரும்படி கன்றை வையுங்கள். மேலே தூவாதீர்கள். வேர் தொடாத வேம் வீண்.

சொட்டுநீரில் விடலாமா? (கம்பம்)

வெர்மிகுலைட் என்ற கனிமத் துகளில் கலந்து வரும் வேம் கரையாது, குழாயை அடைக்கும். வேர் தொடாத வேம் வீண்.

டிரைக்கோடெர்மாவும் இதுவும் ஒன்றா?

இல்லை. அது நோய்ப் பூசணத்தை அடக்கப் போடும் வேறொரு பூசணம், வேர் இல்லாமலும் மட்கில் பெருகும். வேமுக்கு உயிருள்ள வேர் வேண்டும்.

எல்லா மண்ணிலும் இந்தப் பூசணம் இருக்கிறது. காசு கொடுத்து வாங்குவது எதற்கு? (முசிறி, மூத்த விவசாயி)

ஐயா சொல்வதில் பாதிக்கு மேல் உண்மை. வாழை, சோளம், சணப்பை என்று மாறி மாறி வேர் ஓடிய நிலத்தில் இருக்கிற பூசணமே நட்டபின் ஏறிக்கொள்ளும். என் வாதம் பையில் இருக்கும் அந்த ஒன்றரை இரண்டு மாதத்தைப் பற்றியது. அப்போது துணையோடு வளர்ந்த கன்று வயலுக்குப் போனதும் திகைத்து நிற்காது. காலிஃபிளவர் போட்ட வயலென்றால் இன்னும் அவசியம். அந்தக் குடும்பத்து வேரில் இது ஏறாது.

டிஏபி போட்டால் வேம் செத்துவிடும் என்கிறீர்களே, நான் இரண்டும் போட்டு நல்ல தார் எடுத்தேன். (அதே ஐயா)

சாகும் என்று சொல்லவில்லை ஐயா. டிஏபி மணிச்சத்து நிறைந்த உரம். மணிச்சத்து தாராளமாகக் கிடைத்தால் கன்றே பூசணத்துக்கு இடம் கொடுக்காது. உங்கள் தார் டிஏபியால் வந்திருக்கும். வேமுக்குக் கொடுத்த காசு அங்கே வேலை செய்திருக்காது. இரண்டில் ஒன்றைக் குறையுங்கள் என்பதே என் பேச்சு. பையில் கார்பெண்டசிம் என்ற பூசணக்கொல்லியை ஊற்றுவதும் அப்படித்தான், வேம் ஏறுவதைக் கெடுக்கும்.

வாடல் நோய் வந்த தோட்டத்தில் வேம் போட்டால் சரியாகுமா? (தொட்டியம்)

ஆகாது. வேமை மருந்தென்று விற்றால் வாங்காதீர்கள். திருச்சி தேசிய வாழை ஆராய்ச்சி மையத்தில் காட்டுங்கள்.

பைக்கு எத்தனை கிராம்?

லால்குடிக்காரருக்குச் சொன்னதைப் படியுங்கள். இது நான்காவது முறை.

சரி தம்பி, இந்த முறை 20 கன்றுக்கு மட்டும் வேம் போட்டுப் பார்க்கிறேன். (முசிறி ஐயா)

நல்லது ஐயா. அவற்றை ஒரே மூலையில் நடாமல் வயலெங்கும் கலந்து நட்டு, தண்டில் பெயின்ட் அடையாளம் வையுங்கள். எல்லாவற்றுக்கும் டிஏபி ஒரே அளவில், குறைவாக இருக்கட்டும். குலை தள்ளும் தேதியை மரம் மரமாகக் குறித்து எனக்கு அனுப்புங்கள்.