தரையில் உட்கார்ந்தால் எழ முடியவில்லை!

கேள்வி: என் கணவருக்கு 46 வயது. ரத்தப் புற்றுநோய்க்காக வேலூரில் ஸ்டெம் செல் மாற்று சிகிச்சை செய்து 4 மாதம் ஆகிறது. செல் கொடுத்தது என் கொழுந்தனார். நடுவில் தோலில் தடிப்பு வந்ததால் ஸ்டீராய்டு மாத்திரை ஓடுகிறது. தேறி வந்தவர் இப்போது தரையில் உட்கார்ந்தால் கை ஊன்றாமல் எழ முடியவில்லை, மாடிப்படி ஏறத் திணறுகிறார். அசையவே விடாதே என்கிறார் மாமியார். அவரோ மாந்தோப்பில் நாலு நாள் நடந்தால் சரியாகிவிடும் என்கிறார். என்ன செய்வது?
– வாசகி, காவேரிப்பட்டணம்

பதில்: நடக்க வேண்டும், ஆனால் தோப்பில் வேண்டாம்.

ஸ்டீராய்டு நாள்பட ஓடினால் முதலில் அடி வாங்குவது தொடை, இடுப்புத் தசைகள்தான். வலி பெரும்பாலும் இருக்காது, கைப்பிடி பலமாகவே இருக்கும், உட்கார்ந்து எழுவதும் படி ஏறுவதும் மட்டும் மலையாகத் தெரியும். நீங்கள் எழுதியிருப்பது அப்படியே அதுபோலத்தான் இருக்கிறது, போதாததற்கு ஆஸ்பத்திரியில் தனி அறையில் வாரக்கணக்கில் படுத்துக் கிடந்ததும் சேர்ந்திருக்கும். அதற்காக மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். தம்பியின் செல்கள் அண்ணன் உடம்பைத் தாக்குவதை அடக்கி வைத்திருப்பதே அதுதான், திடீரென்று நிறுத்தினால் அந்தத் தாக்குதலும் கிளம்பும், ரத்த அழுத்தமும் இறங்கிப்போகும். அளவைக் குறைக்கலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள்.

உடற்பயிற்சிக்கும் டாக்டரின் சம்மதத்தை வாங்கிக்கொண்டு, கை வைத்த நாற்காலி ஒன்றைச் சுவரோடு ஒட்டிப் போடுங்கள். கையை ஊன்றாமல் எழுந்து, மெதுவாக உட்கார வேண்டும் (தொப்பென்று விழக்கூடாது, பாதிப் பயிற்சி அந்த இறங்குவதில்தான் இருக்கிறது). முடியவில்லையா, இரண்டு தலையணை போட்டு உயரத்தைக் கூட்டுங்கள், சுலபமானதும் ஒவ்வொன்றாக எடுங்கள். 5 தடவை, கொஞ்சம் ஓய்வு, மறுபடி 5. ஒருநாள் விட்டு ஒருநாள் போதும். நடை தினமும் வேண்டும், 5 நிமிடம் வீதம் 3 வேளை, பேசிக்கொண்டே நடக்கிற வேகத்தில். ஸ்டீராய்டு எலும்பையும் மெலிய வைக்கும் என்பதால் தண்ணீர்க் குடம், அரிசி மூட்டை பக்கம் போகவே கூடாது. அப்புறம், களி மட்டும் தின்றால் சதை ஏறாது, நன்றாக வெந்த முட்டையும் பருப்பும் கூடவே வேண்டும்.

தோப்பை ஏன் தடுக்கிறேன் என்றால், சருகிலும் எருவிலும் பூஞ்சை இருக்கும், கிளறினால் காற்றில் பறக்கும், எதிர்ப்புச் சக்தியை மருந்தால் அடக்கி வைத்திருக்கிறவருக்கு அது நுரையீரலில் போய் உட்கார்ந்தால் உயிருக்கே ஆபத்து. வெயில் வேறு தோல் தடிப்பைத் திரும்பக் கிளப்பிவிடும். காய் இறக்குகிற நேரத்தில் அவரை வீட்டில் பிடித்து வைப்பது லேசில்லை, தெரியும். மொட்டை மாடியில் வெயில் ஏறும் முன் நடக்கட்டும்.

மாமியாரின் பயம் நியாயம்தான். ஆனால் இந்தக் களைப்பு தூங்கித் தீருகிற களைப்பு இல்லை, படுக்கப் படுக்கக் கூடும். ரத்தத்தை உறைய வைக்கிற பிளேட்லெட் அணுக்களின் எண்ணிக்கை 20,000-க்குக் கீழே போனால் மட்டும் பயிற்சியை நிறுத்திவிட்டு டாக்டரைக் கேளுங்கள். காய்ச்சல் 100.4 டிகிரியைத் தொட்டாலோ, மூச்சு வாங்கினாலோ, ஒரு கால் மட்டும் வீங்கினாலோ காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள்.

அடுத்த செக்கப்புக்கு முன், 30 விநாடியில் நாற்காலியிலிருந்து எத்தனை தடவை எழுகிறார் என்று வாரம் ஒருமுறை காலண்டரில் குறித்து வையுங்கள். “பலவீனமா இருக்கார் டாக்டர்” என்று சொல்வதைவிட அந்தக் காலண்டரைக் காட்டுவது மேல்.