மூன்று கார்டும் ஒரு பழைய கணக்கும் – கடிதம்

வணக்கம் சார்,

அமெரிக்க ராக் அண்ட் ரோல் கலைஞர் சக் பெர்ரி பற்றி நீங்கள் எழுதியிருந்த குறிப்பை, கிட்டார் கற்கும் என் மகனிடம் படிக்கக் கொடுத்தேன். சிரிக்கிறான். "மூணே கார்டுப்பா. ஹென்ட்ரிக்ஸ், ஜிம்மி பேஜ் பக்கத்துல வச்சா இவர் ஒண்ணுமே இல்ல" என்கிறான். (கார்டு என்பது ‘chord’, சேர்த்து மீட்டும் சுரக்கூட்டு.) ‘ஜானி பி. குட்’ பாட்டின் பிரபலமான இன்ட்ரோவே வேறொருவரிடம் சுட்டது என்று ஒரு காணொளியையும் போட்டுக் காட்டினான். கேட்டால் அப்படியேதான் இருக்கிறது. அந்தப் பாட்டைத்தான் 1977இல் வாயேஜர் விண்கலத்தில் ஏற்றி அனுப்பியிருக்கிறார்கள். அவரை ராக் அண்ட் ரோல் கிட்டாரின் பிதாமகர் என்பதெல்லாம் சும்மா பழக்கதோஷமா?

எம்.

அன்புள்ள எம்.,

உங்கள் மகன் காட்டியது சரிதான். லூயி ஜோர்டன் குழு 1946இல் வெளியிட்ட ‘எய்ன்ட் தட் ஜஸ்ட் லைக் எ வுமன்’ பாட்டின் தொடக்கத்தில் கிட்டார்க்காரர் கார்ல் ஹோகன் வாசித்ததும், 1958இல் பெர்ரி வாசித்ததும் கிட்டத்தட்ட ஒன்று. ஹோகனிடம் எடுத்தேன் என்று பெர்ரியே சொல்லியிருக்கிறார். ஒரே விரலைப் படுக்க வைத்து இரண்டு கம்பிகளைச் சேர்த்து அடிக்கிறாரே, அது ப்ளூஸ் கிட்டார்க்காரர் டி-போன் வாக்கர் வழி வந்தது.

எடுத்ததை வைத்து என்ன செய்தார் என்று பார்க்க வேண்டும். ஹோகனின் வாசிப்பு ஒரு வாசற்படி. பாட்டு தொடங்கியதும் அதற்கு வேலை முடிந்துவிடுகிறது. பெர்ரியின் கிட்டார் கடைசிவரை பேசிக்கொண்டே இருக்கிறது. அவர் "கோ, ஜானி, கோ" என்று பாடி மூச்சு விடும் இடத்தில் கிட்டார் பதில் சொல்லும். கதை சொல்கிறவரும் ‘உம்’ கொட்டுகிறவரும் ஒரே ஆள். பின்னால் வந்த அத்தனை பேரும் படித்தது இந்தப் பாடத்தைத்தான். 1961இல் இங்கிலாந்தின் டார்ட்ஃபோர்ட் ரயில் நிலையத்தில் மிக் ஜாகரின் கையில் பெர்ரியின் இசைத்தட்டு இருந்ததைப் பார்த்துத்தான் கீத் ரிச்சர்ட்ஸ் பேச்சுக் கொடுத்தார். அந்த இருவரின் குழுவான ரோலிங் ஸ்டோன்ஸின் முதல் இசைத்தட்டே பெர்ரியின் பாட்டு.

அடுத்தது அந்த ரிதம். தடித்த கம்பிகளில் டங்கா டங்கா என்று ஓடுகிறதே, அது கிட்டாரில் பிறந்ததே அல்ல. பூகி-வூகி என்ற துள்ளலான ப்ளூஸ் பாணியில் வாசிக்கும் பியானோக்காரரின் இடது கை அது. இந்த இடத்தில் பியானோக்காரர் ஜானி ஜான்சனைப் பற்றிப் பேசாமல் தாண்ட முடியாது. 1952 டிசம்பர் 31 இரவு, தன் குழுவின் சாக்ஸபோன்காரருக்கு உடம்பு சரியில்லை என்று பெர்ரியைக் கூப்பிட்டு வாசிக்க வைத்தவர் ஜான்சன். குழு அவருடையது. கொஞ்ச நாளில் பெர்ரியுடையது ஆகிவிட்டது! பெர்ரியின் பாட்டுகள் பல பி ஃபிளாட், ஈ ஃபிளாட் சுருதிகளில் இருப்பதைக் கவனியுங்கள். கிட்டார்க்காரர் தானாக உட்கார்ந்து மெட்டுப் போட்டால் கை ஈ-க்கும் ஏ-க்கும்தான் போகும். ஃபிளாட்டெல்லாம் பியானோவுக்கும் ஊதுகருவிகளுக்கும் வசதியானவை. இதைச் சுட்டிக்காட்டி, மெட்டில் ஜான்சனுக்கும் பங்குண்டு என்று சொன்னவர் கீத் ரிச்சர்ட்ஸ்.

‘சுட்டது’ என்ற பேச்சை நான் இங்கேதான் வைப்பேன். கைவாகை ஒருவரிடமிருந்து இன்னொருவர் எடுப்பது திருட்டு என்றால் உலகத்தில் பாதி இசை மிஞ்சாது. பெயரும் காசும் யாருக்குப் போனது என்பதுதான் விஷயம். பெர்ரியே இதில் அடிபட்டவர். 1955இல் வந்த அவருடைய முதல் ஹிட் ‘மேபலீன்’ தட்டில், ஒரு வரிகூட எழுதாத வானொலி அறிவிப்பாளர் ஆலன் ஃப்ரீடும் ரஸ் ஃப்ராட்டோ என்பவரும் கூட்டாசிரியர்கள். முழு உரிமை திரும்பக் கிடைக்க 1986 ஆகிவிட்டது. பீச் பாய்ஸ் 1963இல் அவருடைய மெட்டின் மேல் ‘சர்ஃபின் யுஎஸ்ஏ’ பாடியபோது, பெர்ரியின் பதிப்பக நிறுவனம் உரிமையைக் கேட்டு வாங்கியது. ஹோகன் மாதிரி கூலிக்கு வாசித்தவர்களுக்கு அப்படிக் கேட்க எந்தக் காகிதமும் இல்லை. ஜான்சன் 2000இல் பெர்ரி மேல் வழக்குப் போட்டார். காலம் கடந்துவிட்டது என்று 2002இல் தள்ளுபடி. இத்தனை பட்ட மனிதர் கூட இருந்தவருக்கு ஒரு பெயர் போட்டிருக்கலாம். எனக்கு பெர்ரி மேல் உள்ள வருத்தம் இது ஒன்றுதான்.

அப்புறம், பிதாமகர் என்று ஒருவரைத்தான் சொல்ல வேண்டுமா என்ன? பெர்ரிக்கு முன்பே மின்கிட்டாரை இப்படி உறும வைத்த ஒரு பெண்மணி இருந்தார்: சிஸ்டர் ரோசெட்டா தார்ப். ஆர்கன்ஸாவில் 1915இல் பிறந்து, தேவாலயங்களில் பாடி வளர்ந்தவர். 1938இலேயே டெக்கா இசைத்தட்டு நிறுவனத்துக்குப் பதிவு செய்தார். உங்கள் மகனுக்கு ஒரே ஒரு காணொளி காட்டுவதென்றால் 1964இல் மான்செஸ்டரில் எடுத்ததைக் காட்டுங்கள். கைவிடப்பட்ட ரயில் நிலையம், கிரனடா தொலைக்காட்சியின் நிகழ்ச்சி. மழை பெய்து நடைமேடை ஈரமாகக் கிடக்கிறது. எதிர் நடைமேடையில் பார்வையாளர்கள். கோட்டுப் போட்டுக்கொண்டு வந்து, வெள்ளை கிப்ஸன் கிட்டாரை மாட்டிக்கொண்டு, மழையைப் பற்றிய பாட்டையே எடுக்கிறார். நடுவில் வருகிற சோலோவில் ஒரு அவசரம் கிடையாது. ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேமில் பெர்ரி 1986இல் முதல் வரிசையிலேயே உட்கார்ந்துவிட்டார். இந்த அம்மாவைச் சேர்க்க 2018 வரை ஆனது. அவர் போய்ச் சேர்ந்தே கிட்டத்தட்ட நாற்பத்தைந்து வருடம் ஆகியிருந்தது.

சரி, ‘மூணே கார்டு’ விவகாரத்துக்கு வருகிறேன். பெர்ரியின் அறுபதாம் வயதுக்கு எடுத்த ஆவணப்படத்தில் ஒரு ஒத்திகைக் காட்சி உண்டு. ‘கேரல்’ பாட்டின் தொடக்கத்தில் கம்பியை வளைக்கும் ஒரு இடம். கீத் ரிச்சர்ட்ஸ் வாசிக்கிறார். பெர்ரி நிறுத்தி, அப்படி இல்லை என்கிறார். மறுபடி. மறுபடியும் நிறுத்துகிறார். ரிச்சர்ட்ஸின் முகம் கறுத்துப்போகிறது. இளவயதிலிருந்தே அதே பாட்டுகளை வாசித்து வளர்ந்தவருக்கு இந்த கதி. (அந்தக் கச்சேரிக்கு ரிச்சர்ட்ஸ் தேடிக் கூட்டி வந்த ஜானி ஜான்சன், அப்போது செயின்ட் லூயிஸில் பஸ் ஓட்டிக்கொண்டிருந்தார்.)

மகனிடம் ‘ஜானி பி. குட்’டை பி ஃபிளாட்டிலேயே வாசிக்கச் சொல்லுங்கள். ஆள்காட்டி விரல் ஆறாவது ஃப்ரெட்டில் (கிட்டார் கழுத்தின் குறுக்குக் கட்டை), சுண்டு விரல் எட்டி எட்டி பத்தாவதைத் தொட வேண்டும். எல்லாம் கீழ்நோக்கிய அடி, வேகம் இசைத்தட்டின் வேகம், வாயில் பாட்டு. பாட்டு மூன்று நிமிடம்கூட இல்லை. கம்பிகளை அழுத்திச் சுருதியை உயர்த்தும் கேப்போ என்ற கிளிப்பைப் போட்டால் செல்லாது.

அன்புடன்