இந்த எஸ்டிமேட் நியாயமா? திருகோணமலை வாகனக்காரரின் கேள்விகளுக்குப் பதில்

கொழும்பில் ஒரு பெரிய டிங்கரிங், பெயின்டிங் கராஜில் எஸ்டிமேட் எழுதும் வேலையில் இருந்தேன். இப்போது திருகோணமலையில் சொந்தமாக ஒரு சின்னக் கராஜ். சின்ன அடிபாட்டுக்குப் பிறகு கையில் கிடைத்த எஸ்டிமேட்டை வைத்துக்கொண்டு நம் ஊர்க்காரர் கேட்ட கேள்விகளுக்கு இங்கே பதில் தருகிறேன். ஒரு நிபந்தனை: கேள்வி கேட்டவர்களின் வாகனத்தை நான் வேலைக்கு எடுக்கமாட்டேன். மற்றவனுடைய எஸ்டிமேட்டைக் குறை சொல்லி வாடிக்கை பிடிக்கிறான் என்ற பேச்சு எனக்கு வேண்டாம்.

கேள்வி (உவர்மலை): அண்ணா, மணிக்கூட்டுக் கோபுரத்தடியில் நின்ற என் வேகன் ஆரைப் பின்னால் வந்த ஓட்டோ இடித்துவிட்டது. பின் பம்பர் வலப்பக்கம் வெடிப்பு, பின்கதவின் கீழே கையளவு நெளிவு. ஒரு கராஜில் 148,000 ரூபா, இன்னொன்றில் 62,000 ரூபா. முதலாவது ஆள் கொள்ளையடிக்கிறாரா?

பதில்: நீங்கள் அனுப்பிய இரண்டு தாள்களையும் பார்த்தேன். தொகையைக் கொஞ்சம் மறந்துவிடுங்கள். இரண்டும் ஒரே வேலைக்கு எழுதியவை அல்ல.

148,000 ரூபா தாளில் புது ஜெனுயின் பம்பர், பம்பர் பெயின்ட், பின்கதவு டிங்கரிங், பின்கதவு பெயின்ட், வலது குவார்ட்டர் பெனல் (பின் சில்லுக்கு மேலுள்ள பக்கத் தகடு) பெயின்ட், கூலி, “சில்லறைச் சாமான்” என்று ஏழு வரி இருக்கிறது. 62,000 ரூபா தாளில் “பின்பக்கம் திருத்தி பெயின்ட் அடித்தல்” என்று ஒரே வரி. என்னைக் கேட்டால், எனக்குப் பயம் வருவது இரண்டாவது தாளில்தான். என்ன செய்யப்போகிறார் என்று அதில் ஒன்றுமே இல்லை. நாளைக்கு பம்பரின் வெடிப்பில் புட்டி அப்பி மேலே பெயின்ட் அடித்துத் தந்தாலும் நீங்கள் கேள்வி கேட்க முடியாது. பம்பர் வளைகிற பிளாஸ்டிக். சாதாரண புட்டி அதில் சில மாதம்கூட நிற்காது. முறையாகச் செய்வதென்றால் உள்பக்கத்திலிருந்து பிளாஸ்டிக் வெல்டிங் போட்டு, பிளாஸ்டிக்குக்கான பிரைமர் அடித்து, அதற்கு மேல்தான் பெயின்ட்.

முதல் தாளிலும் கேட்கவேண்டியவை உண்டு. புது பம்பர் ஏன்? வெடிப்பு மட்டும் என்றால் வெல்டிங் போதும். பம்பரை வாகனத்தின் உடலோடு பிடிக்கும் காதுகள் முறிந்திருந்தால்தான் மாற்றுவதில் நியாயம் இருக்கிறது. உங்கள் படத்தில் வலது சில்லுக்கு மேலே பம்பர் ஒரு விரல் அகலம் வெளியே தள்ளி நிற்கிறது, ஆகவே காது முறிந்திருக்கத்தான் வாய்ப்பு அதிகம். கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். ஜெனுயின் பம்பருக்குப் பதிலாக ஜப்பானிலிருந்து வந்த பாவித்த பம்பர் கொழும்பு பஞ்சிகாவத்தைக் கடைகளில் கிடைத்தால் அந்த வரி நன்றாகவே இறங்கும். அதே நிறத்தில் கிடைத்துவிட்டால் பெயின்ட் செலவும் குறையும்.

குவார்ட்டர் பெனல் பெயின்ட்டைத்தான் நான் முதலில் வெட்டச் சொல்வேன். அதில் அடி இல்லை. நிறம் ஒத்துப்போகப் பக்கத்துப் பெனலுக்கும் கொஞ்சம் இழுத்து அடிப்பது நல்ல வழக்கம்தான், முத்து வெள்ளை, வெள்ளி போன்ற நிறங்களுக்கு அது தேவையும்கூட. முத்து வெள்ளையில் அடி நிறம், முத்துப் பூச்சு, கிளியர் என்று மூன்று படி. முத்துப் பூச்சு ஒரு தரம் கூடினாலே நிறம் மாறிவிடும். உங்களுடையது சாதாரண வெள்ளை. அதுவும் பின்கதவுக்கும் குவார்ட்டருக்கும் நடுவே விளக்கு நிற்கிறது. நிறத்தில் சிறு வித்தியாசம் இருந்தாலும் கண்ணுக்குப் படாது.

“சில்லறைச் சாமான்” என்றால் கிளிப், ஸ்க்ரூ, மணல் தாள், டேப். அது ஒரு சிறு தொகையாக இருக்கும்வரை சண்டை பிடிக்காதீர்கள். பெரிய தொகையாக இருந்தால் பிரித்து எழுதச் சொல்லுங்கள்.

இன்னொன்று. பணம் பேசுவதற்கு முன் பின்கதவைத் திறந்து, கம்பளத்தைத் தூக்கி, தரைத் தகடு பின் சுவரோடு சேரும் இடத்தை டோர்ச் அடித்துப் பாருங்கள். அங்கே விரலால் தடவினால் ரப்பர் மாதிரி ஒரு சீலர் கோடு தட்டுப்படும். அது நீளத்துக்குக் கீறியிருந்தாலோ, தகட்டில் அலை மாதிரி ஒரு மடிப்பு தெரிந்தாலோ, அடி பம்பரோடு நிற்கவில்லை. அப்படியென்றால் 148,000 கூடப் போதாமல் போகலாம். கோடு முழுசாக இருந்தால் நிம்மதி.

கேள்வி (நிலாவெளி): இரவில் மாடு குறுக்கே வந்து முன்பக்கம் அடி. ஹெட்லைட் கண்ணாடி உடையவில்லை, பிடிக்கிற காது மட்டும் முறிந்து லைட் ஆடுகிறது. முழு லைட்டையும் மாற்றவேண்டும் என்கிறார் கராஜ் பாஸ். ஏமாற்றா?

பதில்: ஏமாற்று என்று சொல்லமாட்டேன், சோம்பல் என்று சொல்லலாம். முறிந்த காதைப் பிளாஸ்டிக் வெல்டிங்கில் ஒட்டலாம். சில மொடல்களுக்குக் காது மட்டும் தனியாகவும் விற்கிறார்கள். ஒட்டிய பிறகு ஒளி எங்கே விழுகிறது என்று சரிபார்க்கவேண்டும், இல்லாவிட்டால் எதிரே வருகிறவனின் கண்ணில் அடிப்பீர்கள்.

ஆனால் லைட்டின் பின் உடலில் மயிர் அளவு வெடிப்பு இருந்தாலும் மாற்றிவிடுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழைக்கு உள்ளே தண்ணீர் ஏறும். எல்ஈடி லைட் என்றால் தண்ணீர் ஏறியதும் கதை முடிந்தது.

பாவித்த லைட் வாங்குவதாக முடிவெடுத்தால் ஒரு விஷயம். ஜப்பான் வாகனங்களின் ஹெட்லைட் கண்ணாடியின் மூலையில் கொய்ட்டோ, ஸ்டான்லி என்று தயாரித்தவன் பெயரும் பக்கத்தில் பொடி எழுத்தில் ஓர் இலக்கமும் இருக்கும். உங்கள் பழைய லைட்டின் அந்த இலக்கத்தைப் படம் எடுத்துக் கடைக்காரருக்கு அனுப்புங்கள். வெளித்தோற்றம் ஒன்றாக இருந்தாலும் இலக்கம் வேறு என்றால் உள்ளே பல்ப் வகை, சொக்கெட் வேறாக இருக்கலாம். கொழும்பிலிருந்து பஸ்ஸில் வந்து இறங்கிய பிறகு பொருந்தவில்லை என்றால் திருப்பி அனுப்பும் செலவு யார் தலையில் என்று பேச்சு வளரும்.

கேள்வி (கிண்ணியா): ஃபுல் இன்சூரன்ஸ் இருக்கிறது. கராஜ் 200,000 ரூபா எழுதியது. காப்புறுதிக் கம்பனிக்காகச் சேதத்தை மதிப்பிடும் அசெசர் பார்த்துவிட்டு 150,000தான் தருவோம் என்கிறார். மிச்சத்தை என்னிடம் கேட்கிறார்கள். யார் பொய் சொல்கிறார்?

பதில்: இருவருமே பொய் சொல்லாமல் இருக்கலாம் அண்ணன். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்திய பிறகு பழைய வாகனங்களின் விலை ஏறியது எல்லோருக்கும் தெரியும். 2025இல்தான் தனியார் வாகனங்களுக்குக் கதவு திறந்தது. இடையில் நம் ஆட்கள் பலர் பொலிசியைப் பழைய பெறுமதியிலேயே புதுப்பித்துக்கொண்டு வந்தார்கள், பிரீமியம் குறையட்டும் என்று.

பெறுமதியைக் குறைத்துக் காட்டினால் நட்டஈட்டையும் அதே விகிதத்தில் குறைக்கும் நிபந்தனை உங்கள் பொலிசியில் இருந்தால் கணக்கு இப்படிப் போகும். சந்தையில் 80 லட்சம் பெறும் வாகனத்தை 60 லட்சத்துக்குக் காப்புறுதி செய்திருக்கிறீர்கள் என்று வையுங்கள். முக்கால் பங்குக்குத்தான் காப்பு. ஆகவே 200,000 ரூபா சேதத்துக்கு 150,000தான் வரும். உங்கள் இலக்கமும் அப்படியே முக்காலாக இருப்பதால் எனக்கு இந்தச் சந்தேகம் வருகிறது. இதைத் தவிர, வாகனத்தின் வயதுக்கு ஏற்பப் புதுச் சாமானில் தேய்மானம் கழிப்பதும், முதல் இத்தனை ரூபா உரிமையாளர் பொறுப்பு என்பதும் உண்டு.

அசெசரிடம் எந்த வரியில் எவ்வளவு, என்ன காரணத்துக்காகக் கழித்தார் என்று எழுத்தில் கேளுங்கள். கூலி கூடுதல் என்று கழித்திருந்தால் அது கராஜோடு பேசிக் குறைக்கவேண்டியது. பெறுமதி குறைவு என்று கழித்திருந்தால் கராஜோடு சண்டை பிடித்துப் பயனில்லை. அடுத்த தவணைக்குப் பெறுமதியைத் திருத்துங்கள்.

கேள்வி (லிங்கநகர்): 90,000 என்று பேசி வாகனத்தை விட்டேன். மூன்றாம் நாள் போன் எடுத்து இன்னும் 35,000 வரும் என்கிறார்கள்.

பதில்: கழற்றினால்தான் தெரியும் சேதம் உண்மையில் உண்டு. முன் பம்பருக்குப் பின்னால் ரேடியேட்டர் சப்போர்ட்டும் ஏசி கண்டென்சரும் இருக்கின்றன. பம்பர் உள்ளே போய்த் திரும்பி வெளியே வந்து ஒன்றும் நடக்காத மாதிரி நிற்கும், பின்னால் கண்டென்சர் நசுங்கிக் கிடக்கும். ஆகவே கேட்டதே தப்பு என்று சொல்லமுடியாது. வேலை தொடங்குவதற்கு முன் சொன்னாரா, படம் அனுப்பினாரா, அந்தச் சாமான் அடிபட்ட பக்கத்தில் இருக்கிறதா? மூன்றும் ஆம் என்றால் கொடுங்கள். வேலை முடிந்து சாவி தரும் நேரத்தில் சொல்லியிருந்தால் நான் கொடுக்கமாட்டேன். காப்புறுதியில் போகும் வேலை என்றால் மேலதிகச் சேதத்தை அசெசர் மறுபடி பார்த்த பிறகே கை வைக்கவேண்டும்.

கேள்வி (அன்புவழிபுரம்): எஸ்டிமேட்டின் அடியில் வற் (பெறுமதி சேர் வரி) 18% சேர்த்திருக்கிறார். சின்ன கராஜ்தான்.

பதில்: 2024 ஜனவரியிலிருந்து வற் 18% என்பது சரி. ஆனால் பதிவு செய்தவர்தான் அதை அறவிடலாம். வற் இலக்கம் போட்ட பற்றுச்சீட்டைக் கேளுங்கள். தரமாட்டார் என்றால் அந்த வரியை அடித்துவிடுங்கள்.

கேள்வி (உப்புவெளி): விருந்தினர் விடுதி ஒன்றின் வான். பக்கக் கதவு சுவரில் உரசியது. கராஜ்காரர் கதவோடு சேர்த்துக் கீழ்ப்படியில் துரு வெட்டி வெல்டிங் என்றும் எழுதியிருக்கிறார். உரசியது கதவு மட்டும்தான்.

பதில்: இந்தக் கேள்வி நம் ஊருக்கே உரியது. கடற்கரையில் நிற்கும் வானை உப்புக்காற்று உள்ளிருந்து தின்கிறது. கராஜ்காரர் துருவைக் கண்டு எழுதியிருக்கிறார், அதில் பொய் இல்லாமல் இருக்கலாம். ஆனால் அது விபத்தின் வேலை அல்ல. இரண்டு தாளாக எழுதச் சொல்லுங்கள். விபத்துத் தாளைக் காப்புறுதியிடம் காட்டலாம். துருத் தாள் உங்கள் பொக்கெட்.

துரு வேலையைச் செய்வதானால் விலையைவிட முறையைக் கேளுங்கள். துருவின் மேல் புட்டி பூசி மூடினால் அடுத்த மாரிக்குள் பெயின்ட் கொப்புளமாக எழும்பும். துருப்பிடித்த தகட்டை வெட்டி எடுத்து, புதுத் தகடு பற்றவைத்து, துருத் தடுக்கும் பிரைமர் அடித்து, உள் குழிக்குள் மெழுகு எண்ணெய் தெளிக்கவேண்டும். கடைசி வேலையைப் பலர் விட்டுவிடுகிறார்கள், வெளியே தெரியாது என்பதால். எங்கள் ஊரில் அதுதான் முக்கியம். எஸ்டிமேட்டில் அந்த வரி இல்லையென்றால் சேர்க்கச் சொல்லிக் காசு கொடுத்துச் செய்யுங்கள்.

கேள்வி (தம்பலகாமம்): டொயோட்டா அக்வா ஹைபிரிட் கார், பின்னால் அடி. கம்ப்யூட்டரில் ஸ்கேன் செய்யவேண்டும், ஹைபிரிட் பட்டரி பார்க்கவேண்டும் என்று தனிக் காசு. பம்பர் அடிக்கும் பட்டரிக்கும் என்ன சம்பந்தம்?

பதில்: அக்வாவில் பெரிய பட்டரி பின் சீட்டுக்குக் கீழே இருக்கிறது. பம்பர் மட்டும் உரசியதென்றால் தேவையில்லை. தகடு நசுங்கி, வெல்டிங் போடும் நிலை என்றால் நியாயமான வரி. ஸ்கேன் அறிக்கையின் பிரதியை வாங்குங்கள். பிரதி இல்லாத ஸ்கேனுக்குக் காசு இல்லை.

கேள்வி (சாம்பல்தீவு): என் காரை இடித்தவர் நல்ல மனிதர். அந்த இடத்திலேயே 15,000 ரூபா தந்து, “பிரச்சினை முடிந்தது” என்று எழுதிக் கையெழுத்துக் கேட்டார். நான் வாங்கவில்லை. கராஜுக்குப் போனால், “வீட்டில் ஆம்பிளை யாரையாவது வரச்சொல்லுங்கோ, விளங்கப்படுத்துறேன்” என்கிறார். என்ன செய்வது?

பதில்: கையெழுத்து வைக்காதது நல்லது அக்கா. பம்பர் கழற்றும்வரை யாருக்கும் சேதம் தெரியாது, தந்தவருக்கும் தெரியாது. அவருடைய போன் இலக்கம், வாகன இலக்கம், காப்புறுதி அட்டையின் படம் மூன்றும் இருந்தால் போதும். எஸ்டிமேட் வந்ததும் அவருக்கே அனுப்புங்கள், நல்ல மனிதர் என்றால் பேசித் தீர்க்கலாம். யாருக்காவது காயம் என்றால் மட்டும் பேச்சு வேண்டாம், பொலிஸுக்குப் போகவேண்டும்.

அந்தக் கராஜை விட்டுவிடுங்கள். விளங்கப்படுத்துவதற்கு ஆம்பிளை கேட்கிறவர் எஸ்டிமேட்டை எழுத்தில் தரப்போவதில்லை. அடுத்த கராஜில் மூன்று விஷயம் கேளுங்கள்: எந்தச் சாமான் மாற்றுவது, எது திருத்துவது, மாற்றும் சாமான் ஜெனுயினா பாவித்ததா சைனாவா. எழுதித் தருகிறவரிடம் வேலையைக் கொடுங்கள். வாகனத்தை எடுக்கப் போகும்போது மத்தியான வெயிலில் போங்கள், மாலை மங்கலில் எல்லா நிறமும் ஒன்றுபோலத்தான் தெரியும். கதவுக்கும் பக்கத்துப் பெனலுக்கும் இடையிலான இடைவெளி மேலிருந்து கீழ்வரை ஒரே அளவா, கதவு ரப்பரில் பெயின்ட் புகை படிந்திருக்கிறதா என்று பாருங்கள்.

கேள்வி (மூதூர்): மாற்றிய பழைய சாமானை நாங்கள் கேட்கலாமா? கேட்டால் கோபிக்கிறார்கள்.

பதில்: உங்கள் காசில் மாற்றியதென்றால் அது உங்கள் சாமான். வாகனத்தை விடும்போதே, “பழசை டிக்கியில் போட்டு வையுங்கோ” என்று சொல்லிவிடுங்கள். காப்புறுதி காசு கொடுத்ததென்றால் அவர்கள் கேட்கலாம், அதனால் அசெசர் சொல்லும்வரை கராஜிலேயே கிடக்கட்டும். நான் கேட்பது பழைய இரும்புக் கடையில் போடுவதற்காக இல்லை. பழைய லைட்டும் பம்பரும் கண் முன்னே கிடந்தால், புதுசு என்று எழுதிப் பழசையே துடைத்துப் பூட்ட முடியாது.