பள்ளி மணி இல்லாத வீட்டில் நாளை வகுப்பது எப்படி?

வீட்டிலேயே பிள்ளைகளைப் படிக்கவைக்கும் பெற்றோரிடமிருந்து வந்த கடிதங்களுள், அன்றாட நேர ஒழுங்கு பற்றிய கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் எழுதுகிறேன்.

கேள்வி: ஒன்பது வயது மகனையும் ஆறு வயது மகளையும் இந்த ஜூன் மாதத்திலிருந்து வீட்டில் படிக்கவைக்கிறோம். காலை ஒன்பதரை முதல் மாலை நான்கு வரை எட்டுப் பாடவேளைகள் என்று அட்டவணை எழுதிச் சுவரில் ஒட்டினேன். மூன்றாவது பாடவேளைக்கு மேல் மகன் உட்கார மறுக்கிறான். நான் சத்தம் போடுகிறேன். மதியச் சமையலும் தள்ளிப்போகிறது. பாடங்கள் பாதியில் நிற்கின்றனவே என்று இரவில் கவலையாக இருக்கிறது. நாளொன்றுக்கு எத்தனை மணி நேரம் சொல்லிக்கொடுத்தால் போதும்?
— ஒரு வாசகி, பொள்ளாச்சி

பதில்: உங்கள் கவலைக்கு முதலில் ஒரு கணக்கைச் சொல்கிறேன். 2009ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம், ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரை ஆண்டுக்குக் குறைந்தது 200 வேலை நாள்களும் 800 மணி நேரக் கற்பித்தலும் இருக்க வேண்டும் என்கிறது. ஆறு முதல் எட்டு வரை 220 நாள்கள், 1000 மணி நேரம். வகுத்துப் பார்த்தால் தொடக்கப் பள்ளிக்கு நாளொன்றுக்கு நான்கு மணி நேரம்தான் வருகிறது. அதுவும் முப்பது பிள்ளைகளுக்கு ஓர் ஆசிரியர் என்று அதே சட்டம் வகுத்துள்ள வகுப்பறைக்கான அளவு. வருகைப் பதிவு, நோட்டுத் திருத்துதல், கடைசி வரிசையை அமைதிப்படுத்துதல் எல்லாம் அந்த நேரத்தில்தான் நடக்கின்றன. பிள்ளையின் பக்கத்திலேயே உட்கார்ந்து, அவன் எங்கே தடுமாறுகிறான் என்பதை அந்த நொடியிலேயே பார்க்கும் உங்களுக்கு இவ்வளவு நேரம் வேண்டியதில்லை. என் கணிப்பில் மகனுக்கு இரண்டு மணி நேரமும் மகளுக்கு ஒரு மணி நேரமும் தாராளமாகப் போதும். ஆனால் அந்த நேரத்தில் உங்கள் கையில் கைபேசியோ கரண்டியோ இருக்கக் கூடாது.

அடுத்து, கடிகாரத்தைப் பார்த்து எழுதிய அட்டவணையைச் சுவரிலிருந்து எடுத்துவிடுங்கள். குழாயில் தண்ணீர் வரும் நாள், மின்தடை, முன்னறிவிப்பின்றி வந்து நிற்கும் உறவினர் என்று நம் வீடுகளில் எந்த இரண்டு நாள்களும் ஒன்றுபோல் இருப்பதில்லை. 9.30 என்று எழுதியது 10.10 ஆனதும் அன்றைய நாளே கெட்டுப்போனதாக அம்மாவுக்கும் பிள்ளைக்கும் தோன்றிவிடுகிறது. மணிக்குப் பதிலாக வரிசையை நிலைநிறுத்துங்கள். காலை உணவு, மதிய உணவு, மாலைக் காபி, விளக்கேற்றும் நேரம் ஆகியவை எந்த நாளிலும் தவறுவதில்லை என்பதால், ஒவ்வொரு பாடத்தையும் இவற்றில் ஒன்றை அடுத்து வருமாறு அமைத்தால், எத்தனை மணிக்குத் தொடங்கினாலும் அடுத்து என்ன செய்ய வேண்டும் என்பதை யாரும் சொல்லாமலே பிள்ளைகள் தெரிந்துவைத்திருப்பார்கள்.

உங்கள் வீட்டுக்கு நான் பரிந்துரைப்பது இது. காய் நறுக்கி, அரிசி களைந்து வைப்பதைக் காலை உணவுக்கு முன்பே முடித்துவிடுங்கள். சாப்பிட்டதும் மகனுக்குக் கணக்கு. அப்போது மகள் பக்கத்தில் அமர்ந்து சிலேட்டில் எழுதட்டும். பிறகு மகளை மடியருகே வைத்துக்கொண்டு எழுத்துக்கூட்டி வாசிக்கப் பழக்குங்கள். அந்நேரம் மகன், நீங்கள் விளக்கிய கணக்குகளைத் தானாகப் போடட்டும். அடுத்து இருவரும் கொஞ்சம் வெளியே ஓடிவிட்டு வந்தபின், மூவருமாகத் தமிழ் வாசிப்பு, அதை ஒட்டி ஆங்கிலம். இத்துடன் காலைப் பகுதி முடிந்தது. நீங்கள் அடுப்படிக்குப் போகலாம். அறிவியலையும் சமூக அறிவியலையும் ஒரு நாள் விட்டு ஒரு நாள், மதிய உணவுக்குப் பிந்தைய அமைதியான பொழுதில், படம் வரைவதாகவோ செய்து பார்ப்பதாகவோ வைத்துக்கொள்ளுங்கள். மாலை நான்கு மணிக்கு மேல் புத்தகமே வேண்டாம். தெருப் பிள்ளைகள் பள்ளியிலிருந்து திரும்பும் அந்த நேரம்தான் உங்கள் பிள்ளைகளுக்குத் தோழமை கிடைக்கும் நேரம். வெளிச்சத்தில் ஓடியாடுவது கண்ணுக்கும் நல்லது.

ஒரே மூச்சில் ஒரு மணி நேரம் எந்தப் பாடத்தையும் நடத்தாதீர்கள். ஆறு வயதுக்குப் பத்துப் பதினைந்து நிமிடம், ஒன்பது வயதுக்கு இருபது இருபத்தைந்து நிமிடம் என்பதே ஒருமுகமான கவனம் நிற்கும் அளவு. இங்கிலாந்தின் கல்வியாளர் சார்லட் மேசன் (1842–1923), சிறுவர் பாடங்கள் குறுகியவையாக இருக்க வேண்டும் என்றும், வாசித்து முடித்ததைப் பிள்ளை தன் சொந்தச் சொற்களில் திரும்பச் சொல்ல வேண்டும் என்றும் வலியுறுத்தினார். திரும்பச் சொல்லவைப்பது மிகப் பயனுள்ள பழக்கம். வாரத் தேர்வு வைக்காமலே, என்ன புரிந்தது, என்ன நழுவியது என்பது உங்களுக்குத் தெரிந்துவிடும்.

பாடம் பாதியில் நிற்பதைப் பற்றி: தமிழ்நாட்டுப் பாடநூல்களை இணையத்திலிருந்து இலவசமாகத் தரவிறக்கலாம், தொடக்க வகுப்புகளுக்கு அவை மூன்று பருவங்களாகப் பிரிக்கப்பட்டே இருக்கின்றன. பருவத்தின் பாடங்களை வாரங்களுக்குப் பங்கிட்டு எழுதிவைத்துக்கொண்டு, வெள்ளிக்கிழமை மட்டும் எங்கே நிற்கிறோம் என்று பாருங்கள். ஒரு நாளின் பாக்கியை மறுநாள் தலையில் ஏற்ற வேண்டாம். வாரத்துக்குள் அது எங்காவது இடம் பிடித்துக்கொள்ளும்.

கேள்வி: நான் வீட்டிலிருந்தபடியே கணினி நிறுவன வேலை பார்க்கிறேன், காலை பத்து முதல் இரவு ஏழு வரை. கணவர் மில்லில் ஷிப்ட் முறையில் வேலை செய்கிறார். எட்டு வயது மகளுடன் பகலில் என் மாமியார் இருக்கிறார். அவருக்கு எழுதப் படிக்க அதிகம் தெரியாது. எங்களைப் போன்றோருக்கு வீட்டுக் கல்வி சாத்தியமா?
— ஒரு வாசகி, கோயம்புத்தூர்

பதில்: நாள்தோறும் ஒன்றரை மணி நேரத்தை உங்களில் ஒருவர் முழுக் கவனத்துடன் தர முடியுமானால் சாத்தியம். முடியாது என்றால் அருகிலுள்ள ஒரு நல்ல பள்ளியே மகளுக்கு நன்மை செய்யும் என்பதைத் தயக்கமின்றிச் சொல்ல விரும்புகிறேன். கூட்டங்களுக்கு நடுவே பிள்ளையிடம் காணொளியைக் கொடுத்துவிட்டு அதைக் கல்வி என்று கணக்கெழுதுவது அவளுக்கு இழைக்கும் அநீதி.

காலை ஏழரை முதல் ஒன்பது வரை கணக்கையும் மொழிப் பாடங்களையும் நீங்கள் முடித்துக்கொள்ளலாம். கணவரின் ஷிப்ட் மாறும்போது வீட்டின் பொழுதும் மாறும் என்பதால், ஒவ்வொரு ஷிப்ட் வாரத்துக்கும் தனித்தனி வரிசை ஒன்றை எழுதிவைத்துக்கொள்ளுங்கள். அவர் பகலில் வீட்டில் இருக்கும் வாரங்களில், தூங்கி எழுந்தபின் அறிவியல் அவர் பொறுப்பில் இருக்கட்டும். ஓர் இயந்திரம் எப்படி ஓடுகிறது என்பதை அன்றாடம் அதன் முன் நிற்பவரைவிட நன்றாகச் சொல்லக்கூடியவர் யார்?

மாமியாரைக் காவலாளாக மட்டும் எண்ணிவிடாதீர்கள். மகள் நாள்தோறும் ஒரு கதையை அவருக்கு உரக்க வாசித்துக் காட்டட்டும். அவருக்கு எழுத்துத் தெரியாதது இங்கே வசதியே. பாட்டிக்குப் புரியும்படி நிறுத்தி, தெளிவாக, உணர்ச்சியோடு வாசித்தாக வேண்டும் அல்லவா? பல்லாங்குழி, புள்ளிக் கோலம், விடுகதை ஆகியவை எண்ணவும் சமச்சீரை உணரவும் சொல்லை அளந்து பேசவும் பழக்குபவை. வீட்டில் பழைய படியும் உழக்கும் இருந்தால் இன்னும் நல்லது. இரண்டு ஆழாக்கு ஓர் உழக்கு, இரண்டு உழக்கு ஓர் உரி, இரண்டு உரி ஒரு படி. ஆகவே உரி அரைப் படி, உழக்கு கால் படி, ஆழாக்கு அரைக்கால் படி. இரண்டில் ஒன்று, நான்கில் ஒன்று, எட்டில் ஒன்று என்று பின்னங்களைப் புத்தகத்தில் வட்டம் போட்டு நிழலிட்டுக் கற்கும் பிள்ளை, அரிசியை அளந்து கொட்டிப் பார்த்தால் ஒரே வாரத்தில் பிடித்துக்கொள்வாள். அரைக்கால் என்ற சொல் பாட்டிக்குத் தெரியும், 1/8 என்ற குறி பேத்திக்குத் தெரியும். இரண்டையும் சேர்த்துவைப்பது மட்டுமே உங்கள் வேலை. 2019 முதல் ஒளிபரப்பாகும் கல்வித் தொலைக்காட்சியைத் துணைக்கு வைத்துக்கொள்ளலாம். அதை ஒன்றரை மணி நேரக் கணக்கில் சேர்க்க வேண்டாம்.

கேள்வி: ஞாயிறு, பண்டிகை, மே மாதம் ஆகியவற்றுக்கு விடுமுறை விடலாமா? விட்டால் பழக்கம் கெட்டுவிடாதா?
— ஒரு வாசகர், திருச்சி

பதில்: தாராளமாக விடலாம். சட்டம் தொடக்கப் பள்ளிகளிடம் கேட்பதே 200 நாள்கள்தான். பழைய திண்ணைப் பள்ளிக்கூடங்களும் அமாவாசை, பௌர்ணமி நாள்களில் விடுமுறை விட்டே நடந்தன. கதைப் புத்தகம் வாசிப்பதை மட்டும் விடுமுறையிலும் தொடருங்கள்.

கேள்வி: பதின்மூன்றரை வயது மகள் எட்டாம் வகுப்பைப் பாதியில் விட்டுவிட்டு வீட்டில் படிக்கிறாள். காலை ஒன்பது மணிக்கு எழுகிறாள். நள்ளிரவு வரை கைபேசி. நான் எழுதிக் கொடுத்த நேர அட்டவணையை அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.
— ஒரு தந்தை, மதுரை

பதில்: அதை நீங்கள் எழுதிக் கொடுத்ததுதான் சிக்கல். இந்த வயதில் அட்டவணை அவள் கையெழுத்தில் இருக்க வேண்டும். அதற்கு முன் அவள் எதை நோக்கிப் படிக்கிறாள் என்பது முடிவாக வேண்டும். இலக்கு இல்லாத பிள்ளையிடம் நேர ஒழுங்கை எதிர்பார்ப்பது வீண்.

அவளுக்கு இரண்டு வழிகள் உள்ளன. பன்னிரண்டரை வயது முடிந்தவர்கள் தமிழ்நாடு அரசுத் தேர்வுகள் இயக்ககத்தின் எட்டாம் வகுப்புத் தேர்வைத் தனித்தேர்வராக எழுதலாம். அல்லது பதினான்கு வயது நிறைந்தபின் தேசியத் திறந்தநிலைப் பள்ளி நிறுவனத்தில் பத்தாம் வகுப்புக்குப் பதிவு செய்யலாம். அங்கே ஐந்து பாடங்களில் தேர்ச்சி பெற்றால் போதும். ஆண்டுக்கு இரண்டு முறை, ஏப்ரல்–மே மாதங்களிலும் அக்டோபர்–நவம்பர் மாதங்களிலும் பொதுத் தேர்வு நடக்கிறது. எல்லாப் பாடங்களையும் ஒரே முறையில் எழுத வேண்டிய கட்டாயமும் இல்லை. மகளையும் அருகில் வைத்துக்கொண்டு இரண்டையும் விசாரித்து, எந்த வழி என்ற முடிவை அவளிடமே விடுங்கள். தேர்வு மாதம் தெரிந்துவிட்டால், அங்கிருந்து பின்னோக்கி எண்ணி, வாரத்துக்கு எத்தனை பாடம் என்பதை அவளே போட்டுவிடுவாள். ஞாயிறு மாலை அந்த வாரத்துக்கான திட்டத்தை அவள் எழுத வேண்டும், சனிக்கிழமை அதை உங்களிடம் காட்ட வேண்டும் என்பதை மட்டும் நிபந்தனையாக வையுங்கள். நடுவில் துருவித் துருவிக் கேட்காதீர்கள்.

ஒன்பது மணிக்கு எழுவதைப் பெருங்குற்றமாகக் கருத வேண்டாம். பருவ வயதில் தூக்கம் வரும் நேரம் இயல்பாகவே பின்னால் தள்ளிப்போகும்; அவளுக்கு எட்டு முதல் பத்து மணி நேரத் தூக்கமும் தேவை. பாடங்கள் பத்தரைக்குத் தொடங்கினால் என்ன குறைந்துவிடும்? கைபேசி விஷயத்தில் மட்டும் உறுதியாக இருங்கள். இரவு ஒன்பதரைக்கு வீட்டிலுள்ள எல்லாக் கைபேசிகளும், உங்களுடையது உட்பட, கூடத்தில் ஓரிடத்தில் வைக்கப்பட வேண்டும். அப்பாவின் கைபேசிக்கு விலக்களித்தால் இந்த விதி ஒரு வாரம்கூடத் தாங்காது.

வாரத்தில் இரண்டு நாள்களாவது வீட்டுக்கு வெளியே படிக்கட்டும். 2023இல் திறக்கப்பட்ட கலைஞர் நூற்றாண்டு நூலகம் உங்கள் ஊரிலேயே இருக்கிறது. மற்றவர்கள் தலைகுனிந்து படிக்கும் இடத்தில் உட்காரும்போது வரும் ஒழுங்கை அப்பாவின் அறிவுரையால் கொண்டுவர முடியாது. வீட்டுக் கணக்கிலும் ஒரு பங்கை அவளிடம் ஒப்படையுங்கள். இரண்டு மாதங்களுக்கு ஒருமுறை வரும் மின் கட்டணத்தில் குறிப்பிட்ட அளவு யூனிட் இலவசம், அதற்கு மேல் படிப்படியாக விலை ஏறும். அந்தத் தொகை எப்படி வந்தது என்பதை அவள் தாளில் போட்டுக் காட்டினால், அன்றைய கணக்குப் பாடம் முடிந்ததாக வைத்துக்கொள்ளலாம்.

கேள்வி: பள்ளி செல்லாக் குழந்தைகள் கணக்கெடுப்புக்காக வீடு தேடி வந்தவர்கள், என் பத்து வயது மகன் ஏன் பள்ளிக்குப் போகவில்லை என்று விசாரித்தார்கள். எனக்குச் சரியாகப் பதில் சொல்லத் தெரியவில்லை. நாங்கள் செய்வது சட்டப்படி தவறா? அடுத்த முறை என்ன காட்டுவது?
— ஒரு வாசகி, ஈரோடு

பதில்: கல்வி உரிமைச் சட்டம் வீட்டுக் கல்வியை வெளிப்படையாக அனுமதிக்கவும் இல்லை, தடை செய்யவும் இல்லை. ஆறு முதல் பதினான்கு வயது வரையுள்ள பிள்ளையைப் பள்ளியில் சேர்ப்பது பெற்றோரின் கடமை என்று அதன் 10ஆம் பிரிவு கூறுகிறது. ஆனால் சேர்க்காத பெற்றோருக்கு அந்தச் சட்டத்தில் தண்டனை ஏதும் விதிக்கப்படவில்லை. வந்தவர்கள் வட்டார வள மையத்தின் பணியாளர்களாக இருக்கலாம். வேலைக்கு அனுப்பப்படும் பிள்ளைகளையும், படிப்பு அறவே நின்றுபோன பிள்ளைகளையும் கண்டுபிடிப்பது அவர்கள் கடமை என்பதால், கோபப்படாமல் உள்ளே அழைத்து உட்காரவைத்துப் பேசுவதே முறை.

காட்டுவதற்கு ஒரு நாட்பதிவு நோட்டு வேண்டும். அன்றாட ஒழுங்கைக் காக்கவும் அதைவிடச் சிறந்த கருவியை நான் அறியேன். நாளைக்கு முன்கூட்டியே திட்டமாக எழுதாமல், இரவில் அன்று நடந்ததை நான்கு வரிகளில் எழுதுங்கள்: தேதி, எந்தப் பாடத்தில் எந்தப் பக்கம், வாசித்த கதை, வெளியே செய்த வேலை. நடக்காததை நடந்ததாக எழுத வேண்டாம். காய்ச்சலில் படுத்திருந்தால் காய்ச்சல் என்றே எழுதுங்கள். மாதத்துக்கு இரண்டு மூன்று என மகனின் கணக்குத் தாள், கட்டுரை, வரைபடம் ஆகியவற்றைத் தேதியிட்டு ஒரு கோப்பில் சேருங்கள்.

பின்னாளில் அவன் பள்ளிக்குத் திரும்ப விரும்பினாலும் இந்தக் கோப்பு உதவும். இதுவரை பள்ளியில் சேராத பிள்ளையையும் படிப்பை இடையில் விட்ட பிள்ளையையும் வயதுக்கேற்ற வகுப்பில் சேர்க்க வேண்டும் என்று சட்டத்தின் 4ஆம் பிரிவு சொல்கிறது. மாற்றுச் சான்றிதழ் இல்லை என்ற காரணத்தைக் காட்டிச் சேர்க்கையை மறுக்கக் கூடாது. மாநிலப் பள்ளிகளில் தமிழைக் கட்டாயப் பாடமாக்கும் சட்டம் 2006இல் இயற்றப்பட்டிருப்பதால், ஆங்கில வழியில் படிக்கவைத்தாலும் தமிழ் எழுதும் பயிற்சியை ஒரு வாரம்கூட விட்டுவிடாதீர்கள்.