நீண்ட கழுத்து டைனோசர்கள் தங்கள் எடையை எப்படித் தாங்கின?

அத்தனை பெரிய உடம்பும் கழுத்தும் எப்படி ஒடியாமல் நின்றன என்று கேட்டிருக்கிறீர்கள். இலங்கை மலையகத்தில் ஹட்டன் பக்கம் தேயிலைத் தோட்டத்தில் வளர்ந்த எனக்கு முதலில் ஞாபகம் வருவது மூங்கில்தான். உள்ளே வெறும் காற்று, ஆனாலும் மலைக்காற்றுக்கு ஈடுகொடுத்து நிற்கும்.

சோரோபாட் எனப்படும் இந்த நீண்ட கழுத்து வகை டைனோசர்களின் கழுத்தெலும்பும் கிட்டத்தட்ட அப்படித்தான். பறவைகளுக்கு இருப்பதுபோல நுரையீரலோடு சேர்ந்த காற்றுப்பைகள் முள்ளெலும்புகளுக்குள்ளேயே புகுந்து குழிகளை உண்டாக்கியிருந்தன. சீனாவில் கிடைத்த மாமென்சிசாரஸ் என்ற சோரோபாட் ஒன்றின் கழுத்து சுமார் 15 மீட்டர், அதாவது எங்கள் லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளில், நாலைந்து காம்பராக்களின் (அறைகளின்) நீளம், அதன் முள்ளெலும்பில் பாதிக்கு மேல் காற்றுதான்! ஒட்டகச்சிவிங்கிக்குக் கழுத்தில் 7 எலும்பு, மாமென்சிசாரஸ் வகைக்கோ 19 வரை.

தலை சின்னது. இலையை மெல்லாமல் உருவி விழுங்கியதால் கனமான தாடையும் கடைவாய்ப் பற்களும் தேவைப்படவில்லை. என்னைக் கேட்டால் இதுதான் முக்கியமான காரணம், ஏனென்றால் நீண்ட கோலின் நுனியில் தொங்கும் ஒரு கிலோகூட அடியில் பெரும் பாரமாகிவிடும். கொழுந்துக் கூடையைத் தலையில் மாட்டாமல் கையை நீட்டிப் பிடித்துப் பாருங்கள், புரியும்.

அப்புறம் கால்கள், யானைக்கு இருப்பதுபோலத் தூண் மாதிரி நேராக நின்று எடையை மண்ணுக்கு இறக்கின.