சம்பளம் பேசாமல் மேடை ஏறிவிட்டோம், கேட்க முடியுமா?

கேள்வி: நாங்கள் நான்கு பேர் புதிதாக ஒரு இசைக்குழு தொடங்கியிருக்கிறோம். டிக்கெட் போட்டு நடந்த ஒரு நிகழ்ச்சியில் ஒன்றரை மணி நேரம் வாசித்தோம். முன்பே பேமெண்ட் பற்றிக் கேட்டதற்கு, "அதெல்லாம் பார்த்துக்கலாம்" என்றார் அமைப்பாளர். இப்போது, "மேடை கொடுத்ததே பெரிய விஷயம்" என்கிறார். வீடியோவையும் தங்கள் சேனலில் போட்டுவிட்டார்கள். ஒப்பந்தம் எதுவும் எழுதவில்லை. என்ன செய்யலாம்?

பதில்: கேட்கலாம். வாய்மொழி ஒப்பந்தமும் ஒப்பந்தம்தான். எழுத்தில் இல்லாவிட்டால் நிரூபிப்பது கடினம், அவ்வளவே. தொகை பேசவில்லை என்பதாலேயே அது இலவசம் ஆகிவிடாது. கூலி எதிர்பார்த்துச் செய்த வேலையின் பலனை ஒருவர் அனுபவித்திருந்தால், நியாயமான தொகையைத் தரவேண்டும் என்பது பல நாட்டுச் சட்டங்கள் ஏற்கும் கொள்கை. அதே மேடையில் மற்றக் குழுக்களுக்கு என்ன கொடுத்தார்கள் என்று விசாரியுங்கள். எது நியாயமான தொகை என்று காட்ட அதைவிட நல்ல சாட்சி கிடையாது.

ஆனால் முதலில் உங்கள் வாட்ஸ்அப் உரையாடலை மேலிருந்து படித்துப் பாருங்கள். "காசு வேண்டாம் அண்ணா, ஒரு சான்ஸ் மட்டும் கொடுங்க" என்று குழுவில் யாராவது அனுப்பியிருந்தால், வழக்கு கிட்டத்தட்ட அங்கேயே முடிந்துவிடும். புதிதாக வருபவர்கள் ஆர்வத்தில் இப்படி எழுதிவிடுவது வழக்கம். மாறாக, பேமெண்ட் பற்றி நீங்கள் கேட்ட செய்தி இருந்தால், இலவசமாக வாசிக்க வரவில்லை என்பதற்கு அதுவே ஆதாரம். போஸ்டர், டிக்கெட் விலை, சவுண்ட் செக்குக்கு அழைத்த செய்தி எல்லாவற்றையும் தேதி தெரியும்படி சேமித்துவையுங்கள்.

அப்புறம், தொகையையும் கெடு தேதியையும் குறிப்பிட்டு ஒரு கடிதம் அனுப்புங்கள். கோபம் வேண்டாம். பெரும்பாலான தகராறுகள் இந்தக் கட்டத்திலேயே பேரத்துக்கு வந்துவிடும். வராவிட்டால், சிறு தொகை வழக்குகளுக்கென எளிய நடைமுறை உங்கள் ஊர் நீதிமன்றத்தில் உண்டா என்று பாருங்கள். வழக்குப் போடக் கால வரம்பு உண்டு, தள்ளிப்போடாதீர்கள்.

வீடியோ தனி விஷயம். நேரடி நிகழ்ச்சியைக் கலைஞரின் சம்மதமின்றிப் பதிவுசெய்வதற்கு எதிரான பாதுகாப்பு, நாடுகள் தங்களுக்குள் செய்துகொண்ட 1961 ரோம் உடன்படிக்கையிலேயே உண்டு. 2012 பெய்ஜிங் உடன்படிக்கை காட்சிப் பதிவுகளில் கலைஞரின் உரிமையை இன்னும் விரித்தது. உங்கள் நாட்டுச் சட்டம் இதை எவ்வளவு ஏற்கிறது என்பதைப் பொறுத்தே உங்கள் பலம். கேமராவைப் பார்த்துக் கையசைத்துவிட்டு வாசித்திருந்தால், சம்மதித்தார்கள் என்றுதான் எதிர்த்தரப்பு சொல்லும். எனவே வீடியோவை நீக்கச் சொல்வதைவிட, அதற்கும் சேர்த்து ஒரு தொகை கேட்பதே உங்களுக்கு லாபம் என்பேன்.